ஞாயிறு இரவுக் காட்சி, வசூல் விவரம்

வசூல் படிவத்தின் மேலே
படத்தின் பெயருக்கு ஒரு கோடு இருக்கிறது.
அதன் கீழே நேரம், வகுப்பு,
சீட்டு எண் தொடக்கம், முடிவு.
வாசிக்க வந்த மூன்று பேரை
எங்கே எழுதுவதென்று
சோமனூர் சிவகாமி டாக்கீஸில்
ஒன்பது மாதமாய் எனக்குப் பிடிபடவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு மட்டும்
பெரிய நடிகருக்கு ஓய்வு.
"எப்படியும் ஈ ஓட்டறதுதான,
அதுக்கு இந்தப் பசங்க ஓட்டிட்டுப் போகட்டும்"
என்பது முதலாளி கணக்கு.

இந்த முறை பவானிக்காரி சுகுணவதியின் படம்.
ஸ்கூட்டர் விற்றது பாதி,
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது மீதி.
தண்ணி லாரி ஓட்டுகிறவன் ஒருவன்
நொய்யலோரம் வண்டியை நிறுத்திவிட்டு
ஆற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.
பாதிப் படத்துக்குப் பேச்சே இல்லை.
அதற்குத்தான் திரைக்குக் கீழே இவர்கள்:
கீபோர்டில் கல்லூரிப் பையன்,
கிளாரினெட் அவிநாசி பேண்டு செட் மரியதாஸ்,
பம்பைக்கு கணபதி லேத் பட்டறைத் திருமூர்த்தி,
நகக்கண்ணில் கிரீஸ் போகாமல்.

சீட்டு நாற்பது ரூபாய். முப்பத்தேழு கிழித்தேன்.
மடிப்பிள்ளைகள் கணக்கில் வராது.

பத்தாவது நிமிடம்
பக்கத்துத் தறிக்குடோன் வெள்ளியங்கிரி
வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே வெளியே வந்தார்.
"ஏனம்மணி, ஒண்ணுமே நடக்கலியே படத்துல.
தண்ணியப் பாக்கோணும்னா
எங்க கெணத்தையே எட்டிப் பாத்துக்க மாட்டனா."
கை நீட்டினார். கொடுத்தேன்.
முப்பத்தாறு.

அவர் குடோனுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.
அந்தப்பக்கம் இருபத்துநான்கு தறி.
லாரிக்காரன் வாய் திறக்காத இடத்திலெல்லாம்
சுவர் திறந்துகொள்ளும்,
சடக்கு சடக்கு சடக்கு.
நிறுத்தச் சொல்ல முடியுமா என்று
சுகுணவதி இரண்டு தரம் வந்து கேட்டாள்.
அவசர ஆர்டருங்க, விடிய விடிய ஓடும் என்றேன்.
திருமூர்த்தி மட்டும்
காதைச் சுவர்ப்பக்கம் சாய்த்தான்.
சித்த நேரத்தில் பம்பை
சுவரோடு சேர்ந்துகொண்டது.
கிளாரினெட் அதன்மேல் ஏறி
வரப்பில் நடக்கிற மாதிரி
பார்த்துப் பார்த்து நடந்தது.

ஒன்பது பத்துக்குக் கரண்டு போனது.
திரை போனது, கீபோர்டு போனது,
சுவரும் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி மூன்று வாரம்.
டார்ச்சைத் தேடித் துழாவுகிறேன்,
ஒரு நாற்காலி மடங்கும் சத்தமும் கேட்கவில்லை.
நின்றுபோன தறி
பம்பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கக் கதவு கிறீச்சிட்டது.
"தறி நின்னும் சத்தம் நிக்கலியே"
என்று பார்க்க வந்தவர்கள்,
வேலாத்தாள், அவள் நாத்தனார்,
ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ், அவன் அறைக்காரர்கள்,
பதினோரு பேர், சீட்டு இல்லாமல்.
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள்.
இங்கே அது வேண்டாம் என்று
யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இருட்டில் பிகாஷ் அவன் பாஷையில்
நாலு வரி எடுத்தான்.
எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை.
மரியதாஸ் மட்டும் எப்படியோ
நாலாவது வரியின் முடிவுக்கு முன்னாடியே போய்
அங்கே காத்திருந்தார்.

கரண்டு வந்தது. ஆற்றை
விட்ட இடத்திலிருந்து காட்டினோம்.
சுவர் பேசவில்லை.
படம் முடிகிற வரைக்கும் பேசவில்லை.

காலையில் பெருக்கப் போனேன்.
சி வரிசை நாற்காலி முதுகுகளில்
பஞ்சு ஒட்டிக் கிடந்தது.
எண்ணினேன், கைப்பழக்கம்.
பன்னிரண்டு.
கடைசி நாற்காலிக் கீழே
ஒரு வெற்றிலைக் காம்பு.

படிவத்தில் முப்பத்தாறு என்றே எழுதினேன்.
ஆயிரத்து நானூற்று நாற்பது.
குறிப்பு என்ற கட்டத்தில், சின்ன எழுத்தில்:
மின்தடை இருபத்தாறு நிமிடம்.
காட்சி நிற்கவில்லை.