தூரத்துக்கு ஒரு ரயில்

ஊறுகாய் பாட்டில் மூடி
திறக்க வராத அன்றுதான் தெரிந்தது
என் வலது மணிக்கட்டு
என்னிடம் சொல்லாமலே
ராஜினாமா செய்துவிட்டது.

தரமணியில் ஆறாவது மாடி.
அமெரிக்காவில் யாருக்கோ நடந்த
மூட்டு அறுவைக்கு
இங்கிருந்து குறியீட்டு எண் போடுகிறேன்.
என் வலிக்கு எண் உண்டா என்று
மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேடினேன்.
இருந்தது.

வேளச்சேரி பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா
அதிகம் பேசவில்லை.
முழங்கையைப் பிடித்து
மேசை உயரத்துக்கு இறக்கி வைத்தாள்.
திரை கண்ணுக்கு நேரே இருக்கட்டும்,
இருபது நிமிஷத்துக்கு ஒருதரம்
தூரமா எதையாவது பாருங்க.

திரைக்கு அடியில் இப்போது
போன தீபாவளி ஸ்வீட் பெட்டி இரண்டு.
பாதத்துக்குக் கீழே
பிரிக்காத பேப்பர் கட்டு.
தூரம்தான் கிடைக்கவில்லை.
எதிரே கண்ணாடிக் கட்டடம்,
அதற்குள்ளும் நாங்களே
குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

தூணுக்கும் ஏசி குழாய்க்கும் நடுவில்
ஒரு சாண் இடுக்கு.
அதில் பறக்கும் ரயில் போனது.
அதுமுதல் அது போகும்போதெல்லாம்
விரல்களை விரிக்கிறேன்,
தோளைத் தளர்த்துகிறேன்,
கடைசிப் பெட்டி மறையும்வரை
கண் சிமிட்டுகிறேன்.
யாருக்கு டாட்டா, என்கிறான்
டீம் லீடர் திருநாவு.

நேற்று விடாத மழை.
ரயில் வரவில்லை.
நானும் மூன்று மணிநேரம் நகரவில்லை.
கண்ணுக்குள் பெசன்ட் நகர் மணல்.

பக்கத்து சீட் ஷம்ஷாத்
திரையிலிருந்து முகம் எடுக்காமல்
என் நாற்காலியை உதைத்து,
மெதுவாக,
கூ
என்றாள்.