கடைசிக் கட்டம்

எங்கள் வீட்டுப் பெயர் டெவ்லின்.
ஏற்காடு பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வாத்தியார்
காதில் விழுந்தபடி எழுதினார்: தேவலிங்கம்.
அன்றிலிருந்து
ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும்
தேவலிங்கங்கள் நாங்கள்.

பகலில் எனக்குக் கணக்கெடுப்பு டியூட்டி.
மஞ்சக்குட்டைக்கு மேலே, எஸ்டேட் லைன் வீடுகள்.
பேர், வயது, தலைவருக்கு என்ன உறவு.
"தலைவரா? திருப்பூருக்குப் போனவர்,
நாலு வருஷமாச்சு.
தலைவர்னே எழுதிக்கோங்க டீச்சர்."

ராத்திரி, பனி இறங்கி சிக்னல் போகும்வரை
டைரோன் மாவட்டத்து வீடுகளுக்குள் நுழைகிறேன்
செல்போன் வழியாக, செருப்பைக் கழற்றாமல்.
அங்கே கணக்கெடுத்தவர் ஒரு போலீஸ்காரர்.
கூரை வைக்கோலா, முன்பக்கம் எத்தனை ஜன்னல்,
பன்றிக்கொட்டில் உண்டா,
எல்லாம் கேட்டிருக்கிறார்.
அவருக்கும் நாய் குரைத்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று.
பிரிஜிட் டெவ்லின், குடும்பத் தலைவி, ஐம்பத்தைந்து.
மலாக்கி டெவ்லின், தம்பி மகன், ஏழு.
பிறந்த இடம்: இந்தியா.

அவ்வளவுதான்.
சேர்வராயன் மலை இல்லை,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் இல்லை,
காப்பிப் பழம் பறித்த சவேரியம்மாள் இல்லை.
அப்பன் காய்ச்சலில் போனதும்
பையனை மட்டும் கப்பலேற்றினார்கள்.
பெண்ணை விட்டுவிட்டார்கள்.
அவள் வழியில் நான்.

அந்தப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம்:
செவிடு, ஊமை, குருடு, பைத்தியம்.
பக்கம் முழுக்க எல்லோருக்கும் காலி.
மலாக்கிக்கு நேரே மட்டும், அழகான கையெழுத்தில்,
ஊமை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.
மூன்று நாள் தொடவில்லை.

அடுத்த கணக்கு பத்து வருஷம் கழித்து.
பிரிஜிட்டுக்கு எழுபத்தொன்று!
பத்தே வருஷத்தில் பதினாறு கூடியிருக்கிறது.
எழுபது ஆனால் பென்ஷனாம் அங்கே.
அத்தை, நீ நம்ம ஊர்க்காரியேதான்.

அதற்குக் கீழே மலாக்கி, பதினேழு.
எழுதப் படிக்கத் தெரியும்.
பேசும் மொழி: ஐரிஷ், ஆங்கிலம்.
கடைசிக் கட்டம்
காலி.

ஏழு வயதில் அந்த அடுப்பங்கரையில்
என்ன சொல்லிப் பார்த்திருப்பான்?
தண்ணி. சோறு.
குளுருது, என்று எத்தனை தடவை?

இன்றைக்குப் பதினாலாம் நம்பர் வீடு.
பறிப்புக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பம்.
வாசலில் ஒரு பையன், ஐந்து வயதிருக்கும்.
பேரென்னடா என்றேன். பார்த்தான்.
எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன்.
அதற்கும் பார்த்தான்.
"அது பேசாது டீச்சர், வந்ததிலிருந்தே இப்படித்தான்,"
பக்கத்து வீட்டம்மா.
பேனா அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது.

தாண்டிப் போனேன்.
பிறந்த இடம்?
அவன் அப்பா சொன்ன ஊர்ப் பெயரை
மூன்று தடவை சொல்லச் சொல்லி
காதில் விழுந்தபடி
எழுதினேன்.