துரிசு

பசை காய்ச்சியது நான்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அரைக்கொத்துக் கோதுமை மா,
பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை துரிசு.
உம்மா கேட்டதுக்குப் பட்டம் கட்ட என்றேன்.
பட்டம் விடும் மாதமில்லை என்று
அவவுக்கும் தெரியும்.

இருநூறு தாள்,
பால்மாப் பெட்டிக்குள் அக்கரைப்பற்றிலிருந்து வந்தது.
'வயதுக்கு வந்த பெண் வேனில் ஏறி
வெளியூர் போய்ப் படிப்பது' என்று தொடங்கும்.
மீதியை நான் வாசிக்கவில்லை.
ஒட்டுகிறவன் வாசிப்பதில்லை.
நாலு மூலையும் நேராக இருக்கிறதா,
அவ்வளவுதான் அவன் வேலை.

இறக்காமம் குளக்கட்டிலிருந்து சந்தி வரை,
கூட்டுறவுக் கடை, தைக்கா மதில், பள்ளிக்கூடக் கேற்,
கடைசியாக வேன்கார அலியாரின் கதவு.
சுபஹுக்கு முன்னம் முடிந்துவிட்டது.
கையில் நீலம் போகவில்லை.
அப்படியே தொழுதேன்.

அன்றைக்கு வேன் வரவில்லை.
உயர்தர விஞ்ஞானத்துக்குப் போன ஒன்பது பேரில்
எட்டுப் பேர் புத்தகத்தோடு வீட்டுக்குள் திரும்பினார்கள்,
என் தங்கச்சி உட்பட.
ஒன்பதாவது றிஸ்லினா, மீரான் ஓடாவியின் மகள்,
சைக்கிள் காரியரில் வாளியொன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

கிழிக்கப் போகிறாள் என்று
எங்கள் ஆள் ஒருவன் போனை எடுத்துப் பிடித்தான்.
கிழிக்கவில்லை.
துணியை நனைத்து ஒற்றினாள். பொறுத்தாள்.
ஆறாத காயத்தில் கட்டு அவிழ்க்கிற மாதிரி
மூலையிலிருந்து முழுசாக உரித்தாள்.
பின்பக்கத்துப் பசையை வழித்து
மதிலில் வரிசையாகக் காயப் போட்டாள்.
வீடியோவில் பார்க்க ஒன்றுமேயில்லை:
ஒரு பொடிச்சி, ஈரக் கடதாசி, வெயில்.

நாலாம் நாள் கல் விழுந்தது.
எறிந்தது நானில்லை.
அதைச் சொல்வதில் எனக்கொரு லாபமும் இல்லை.
புருவத்தில் ஐந்து தையல்.

பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டார்கள்.
ஓடாவி வாய் திறக்கவில்லை.
காதில் செருகிய பென்சில்கூட அப்படியே இருந்தது.
அவள்தான் பேசினாள்:

"எங்கட ஊரில வீடெல்லாம் ஆர்ர பேரில இருக்கு?
மரைக்காரே, உங்கட வீடு ஆர்ர பேரில?
பொண்டாட்டிர பேரில.
நாளைக்கு மகள்ர பேரில.
வளவு எங்களுக்கு, உறுதி எங்களுக்கு.
உறுதியில என்ன கிடக்கெண்டு வாசிக்க மட்டும்
உங்கள்ள ஒராள் வரவேணுமா?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.
மின்விசிறி சுற்றியது.
முடிவென்று எதுவும் எழுதப்படவில்லை.

வேன் ஓடியதா என்று கேட்பீர்கள்.
இரண்டு மாதம் ஓடவில்லை.
அவள் மட்டும் சைக்கிளில் போய் வந்தாள்,
வயல் காற்று எதிரே தள்ளத் தள்ள.
இரவில் எட்டுப் பிரதி எழுதி
எட்டுக் கதவுக்கும் கீழால் தள்ளினாள்.
துண்டுப் பிரசுரம் போடுவது
எங்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்றிருந்தோம்.

ஒரு நாள் சார்ஜர் தேடி
தங்கச்சியின் தலையணையைத் தூக்கினேன்.
அடுக்கடுக்காகத் தாள்கள்.
ஒரு பக்கம் சிறுநீரகத்தியின் படம்,
வளைந்து வளைந்து போகும் குழாய்கள்,
ஒவ்வொன்றுக்கும் பெயர்.
எழுத்துக்கு அடியில் வெளிறிய நீலம்.
என் துரிசு.
கழுவியும் போகவில்லை.

மறுபக்கத்தை அன்றைக்குத்தான் வாசித்தேன்,
முழுவதும், கடைசி வரி வரை.
பிறகு திருப்பிக் குழாய்களைப் பார்த்தேன்.
பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு
அதில் ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன நானா?"
கதவடியில் நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

ஒரு தாளில் மூலை பிய்ந்திருந்தது.
பசை எங்கே என்று கேட்டேன்.
மூலையை நேராக வைத்து ஒட்ட
இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.