இடக்கை முடிச்சு

மார்கழி, செவ்வாய்க்கிழமை.
முங்குகாரப் பையன்கள் இறக்கிய மூட்டையில்
நண்டு ஓடு, பாசி, ஒரு பல் தேய்க்கும் பிரஷ்,
பங்குனி ஆமையின் துடுப்பெலும்பு.
எலும்பைத் தனியே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
எண்ணுவார்களாம்.
வலையை மட்டும் அலசினேன்,
நல்ல தண்ணீரில் மூன்று தரம்,
சோப்புத் தண்ணீரில் ஒரு தரம்.
வாடை போகவில்லை.

சோனாங்குப்பத்தில்
உப்பனாற்றைப் பார்த்த கொட்டகை.
ஆறு பெண்கள், ஆறு கத்தரிக்கோல்,
முனை பொசுக்க ஒரு சூட்டுக்கம்பி.
கயிறு வளையலாகும்.
மிதவையைச் சீவினால் தோடு.
தண்ணீர் பாட்டில் மூடிகள் உருகிப் பதக்கமாகும்.
புதுச்சேரி மிஷன் வீதியில்
வளையல் முந்நூற்றைம்பது ரூபாய்,
கூடவே ஓர் அட்டை:
'இந்தக் காசில் கடல் கொஞ்சம் சுத்தமாகிறது,
ஓர் ஆமைக்குஞ்சு தண்ணீரைத் தொடுகிறது.'
எழுதியவள் எங்கள் கணக்குப் பெண் பெலிசியா.
பொய் சொல்கிறவள் இல்லை.

சாணுக்கு ஒரு வெட்டு.
வெட்டிக்கொண்டே போன கத்தரி
ஓரிடத்தில் நின்றது.

முடிச்சு
இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

எங்கள் குப்பத்தில் எல்லாரும்
வலது கையால் கிழிசல் முடிகிறவர்கள்.
இடக்கைக்காரன் ஒருவன்தான்.
அவனுக்குத்தான் நான் தினமும் சோறு போடுகிறேன்.

வஞ்சிர வலை.
முதுநகர் அடகுக்கடையில்
என் ஒண்ணரைப் பவுன் தோடு போய் உட்கார்ந்த அன்று
அது எங்கள் வீட்டுக்கு வந்தது.
போன கார்த்திகையில், பன்னிரண்டு பாகத்தில்,
காற்று திரும்பியபோது
அறுத்துவிட்டுக் கரையேறினான் தேசிங்கு.
"வலையா உசிரா, நீயே சொல்லு."
உசிருதான் என்றேன்.
வட்டி அதைக் காதில் வாங்கவில்லை.

என் காதுகளில் அன்றிலிருந்து ஈர்க்குச்சி.
துளை தூர்ந்துவிடக் கூடாதே என்று
வெள்ளிக்கு வெள்ளி மாற்றுகிறேன்.

அறுத்துவிட்ட வலை
அப்படியே ஓய்ந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தேன்.
பங்கு கேட்காமல்,
இழுத்துக் கரை சேர்க்க ஆளில்லாமல்,
பதிமூன்று மாசம்
அது பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ராத்திரி அவனிடம் காட்டினேன்.
விளக்கடியில் பிடித்து
முடிச்சைக் கட்டைவிரலால் தடவினான்.
"என் கைதான்."
கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை?"
"என்ன எத்தனை?"
"ஆமை."
ஒன்றுக்குத்தான் எலும்பு கிடைத்தது என்றேன்.
மிச்சத்துக்குக் கடல் ரசீது தருவதில்லை.

தை பிறந்ததும்
முட்டைக் காவலுக்குப் பேர் கொடுத்தான்.
தாழங்குடாவிலிருந்து தேவனாம்பட்டினம் வரை
நடந்தே போய் நடந்தே வர வேண்டும்.
சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்,
நாய்களை விரட்ட ஒரு கழி,
ராத்திரிக்கு நானூறு.
"காசு யார் தர்றாங்க?"
"நீதான்" என்றான். "வளையல் காசு."
ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
பாதியில் நின்றும்போனது.

அந்த வலையில் நூற்று நாற்பது வளையல் வர வேண்டும்.
ஒன்று குறைகிறதே என்றாள் பெலிசியா.
என் கூலியில் பிடித்துக்கொள் என்றேன்.
நிமிர்ந்து என் இடக் காதைப் பார்த்தாள்,
பச்சை நூலில் ஒற்றை முடிச்சு,
பிறகு குனிந்து
நூற்று முப்பத்தொன்பது என்று எழுதினாள்.
வலக் காதில் ஈர்க்குச்சி அப்படியே இருக்கிறது.

பங்குனியில் ஒரு விடிகாலை
முழங்கால் வரை மணலோடு வந்தான்.
வாசலில் நின்றபடியே
"நூற்றுப்பதினாறு" என்றான்.
எதுவென்று நான் கேட்கவில்லை.
கால் கழுவாமல் படுத்து
உடனே தூங்கிவிட்டான்.

நான் கதவைச் சாத்திவிட்டு
இந்த மாச வட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு
முதுநகர் பஸ்ஸுக்கு நடந்தேன்.