சாப் சாப்

வாக்குமூலத்தின் நான்காம் வரியில் நின்றுவிட்டேன்.
மேற்பார்வையாளர் லியோங் கீழிருந்து கத்தினார்:
சாப் சாப்.

பெண்டமியர் சாலை அலுவலகம், மூன்றாம் அறை,
எலும்பைத் தொடும் ஏர்கான்.
பாண்டித்துரையின் இடக்கை மாவுக்கட்டில்.
அதன்மேல் யாரோ நீலப் பேனாவால்
ஒரு பூ வரைந்து, பாதியில் விட்டிருந்தார்கள்.

தமிழ்ப் பிரதியில்
'விரைவாக' என்று எழுதினேன். அடித்தேன்.
விரைவாக என்று யாரும் கத்துவதில்லை.

காப் காப், அவசரம் அவசரம் என்று
கான்டன் துறைமுகத்தில் கிளம்பிய சொல் என்கிறது அகராதி.
மாலுமிகள் தங்கள் பல்லுக்கு ஏற்றபடி
உடைத்துக்கொண்டார்களாம்.
கப்பலேறிப் போய்ச் சீமைச் சட்டை மாட்டி
ஆங்கில வினையுரிச்சொல்லாய்
துவாஸ் கப்பல்பட்டறைக்கு வந்திருக்கிறது.
லியோங் வீட்டில் பேசுவது கான்டனீஸ்.
சொந்தக்காரச் சொல் என்று அறியாமலே
அதை ஏணிமேல் எறிந்திருக்கிறார்.

இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருளில்லை.
சல ஒன்றுமில்லை, சலசல தண்ணீர்.
இந்த ஊரில் இதைப் பிரித்துப் பாருங்கள்:
ஒற்றைச் சாப், முத்திரை.
அது வேறு குடும்பம்,
இந்தியில் புறப்பட்டு மலாயில் கரையேறியது.
மேசைமேல்தான் இருக்கிறது,
ஊதா மையில் வாய் நனைத்தபடி.

கடைசியில் 'கிடுகிடுவென' என்று எழுதினேன்.
வேகமும் அதுதான், நடுக்கமும் அதுதான்.
இறங்கியவனுக்கும் பொருந்தும், ஏணிக்கும் பொருந்தும்.
எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஒரு வார்த்தைக்கா இவ்வளவு நேரம் என்றார்
அதிகாரி நூரைடா.

வாசித்துக் காட்டினேன்.
பாண்டித்துரை தலையை ஆட்டவில்லை.

"அக்கா, ரெண்டு தடவைன்னா
டெய்லி சொல்றதுதான், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்.
அன்னைக்கு மூணு தடவை சொன்னாரு.
அத எழுதுங்க."

மூன்று.
இரட்டைக்கிளவி மூன்றாவது படி ஏறாது.
ஏறினால் அதன் பெயர் அடுக்குத்தொடர்:
பாம்பு பாம்பு பாம்பு,
தீ தீ தீ.
விரைவு, வெகுளி, அச்சம்;
காரணத்தைக்கூட இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது.
யாருடைய அச்சம் என்றுதான் எழுதவில்லை.

என் அழகான சொல்லை அடித்தேன்.
சாப், சாப், சாப்.
நடுவில் கால்புள்ளி வைத்தேன், மூச்சு விட.

வலக்கையால் மெதுவாகக் கையெழுத்திட்டான்.
நூரைடா முத்திரையை எடுத்தார்.
சத்தம் ஒரு தடவைதான் கேட்டது.

வெளியே லிஃப்ட் பதினொன்றாம் மாடியிலேயே நின்றது.
படியில் போகலாமா என்றேன்.
"வேணாம்கா," என்றான்.
"நிப்போம்."