நகப்பூச்சு

யோயென்சூ ஏலத்தில் நாற்பது யூரோ.
மூடிப்போன ஒரு மெஷின் ஷாப்பின்
ஊர்பேர் தெரியாத கம்பிகள், துண்டுகள்.
வீடு வரும்வரை வண்டி
பின்பக்கம் குந்தியபடியே ஓடியது.

கராஜுக்கு வெளியே மைனஸ் பதினெட்டு.
கையுறை கழற்றினால்
இரும்பு தோலைக் கவ்விக்கொள்ளும்.
ஒவ்வொன்றாய் உள்ளே சுமந்து
முதலில் காந்தம் வைத்தேன்.

அலுமினியம் தூக்கியதுமே
தன்னைக் காட்டிக்கொடுத்தது.
பித்தளையா வெண்கலமா என்று
அரத்தால் கீறிக் கீறிப் பார்த்து
பத்து நிமிடம் கழித்து
இரண்டையும் ஒரே தட்டில் போட்டேன்.
எவர்சில்வரில் சில ஒட்டின, சில ஒட்டவில்லை,
கட்சி மாறும் ஆள்போல.

மிச்சத்துக்கு கிரைண்டர். விளக்கை அணைத்தேன்.
நீளமாய், வைக்கோல் நிறத்தில்
அதிகம் கிளைக்காமல் ஓடினால் மைல்டு ஸ்டீல்.
மத்தாப்பாய்ச் சிதறினால் கார்பன் கூடியது.
ஒன்றே ஒன்று
அடர்சிவப்பாய், சோம்பலாய்
வந்த சுவடே இல்லாமல் அணைந்தது:
ஹைஸ்பீடு ஸ்டீல். அதற்கே நாற்பது யூரோ தகும்.

மகள் வில்யா விட்டுப்போன நகப்பூச்சுகள்
கம்பி முனைகளுக்கு வாய்த்தன.
மைல்டு ஸ்டீலுக்குப் பச்சை.
கார்பனுக்கு அவளுக்கே பிடிக்காத ஊதா.

அந்தப் பச்சையில் ஒன்றை எடுத்துத்தான்
தொல்வானென் வீட்டு சவுனா கதவுக்குக்
கீல் செய்து பற்றவைத்தேன்.
லேத்தில் வெண்ணெயாய் அறுபட்டது,
சுருள் சுற்றாமல் பொடிப்பொடியாய் உதிர்ந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
நானோ என் கைராசி என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
கதவு பெயர்ந்து பனியில் விழுந்தது.
உள்ளே நான்கு பேர், ஆவியோடும் வெட்கத்தோடும்.
தொல்வானென் போனில் சிரித்தார்.
கீலை மட்டும் தபாலில் அனுப்பிவைத்தார்.

விரிசல் பற்றவைப்பின் நடுவே
நூல் பிடித்ததுபோல் ஓடியிருந்தது.
ஈயம் கலந்த ஸ்டீல்.
கடைவதற்கென்றே பிறந்தது, சூட்டில் சேராது.
ஈயத்துக்குப் பொறி கிடையாது;
கிரைண்டர் பொய் சொல்லவில்லை,
நான் கேட்காததை அது சொல்லவில்லை.

இப்போது எல்லாப் பச்சையையும்
மறுபடி இறக்கிவைத்திருக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் விரல்நீளம் வெட்டி,
பற்றவைத்து, வைஸில் பிடித்து, சுத்தியலால் அடித்து.
உடைந்தவற்றுக்குப் பச்சைமேல் ஒரு கறுப்பு வளையம்.
வெட்டும்போது பூச்சில்லாத முனையில்தான் வெட்டணும்
என்று சுவரில் எழுதியும் வைத்தேன்.

நேற்று, இரவு ஷிப்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்து
தூக்கக் கலக்கத்தில்
வளையத்தோடு சேர்த்து அறுத்துவிட்டேன்.

குட்டைத் துண்டு அடையாளத்தோடு கீழே கிடக்கிறது.
நீளமானது எங்கே?
ரேக்கில் சாய்த்தேன். பக்கத்தில்
அதே தடிமனில் இன்னும் ஆறு,
முனையில் எதுவும் இல்லாமல்.

ஏழையும் வாசலுக்கு எடுத்துப் போகிறேன்.
படியில் பனிக்கட்டி இறுகியிருக்கிறது,
உடைக்க ஏதாவது வேண்டும்தானே.