உட்கார்ந்த பாட்டு

என்ன வேலையாக வந்தாய் என்றான் முத்திரை குத்துகிறவன்.
சுற்றிப் பார்க்க, என்றேன்.
பாதி பொய். சுற்றத்தான் வந்திருந்தேன்
பத்தடிக்குப் பத்தடி மேடையில்.

பினாங்கு. மூன்றாவது முறை.
பர்மா சாலையில், நாற்காலிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
படியேறும்போதே பீரும் பினாயிலும் மூக்கில் அறையும்.
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் ரோஷினி.
பாஸ்போர்ட்டில் லூர்துமேரி.
பாஸ்போர்ட் லோகா அண்ணன் பீரோவில்.
ஊரில் கேட்டால் ஈவென்ட் கம்பெனி.

இங்கே யாரும் நோட்டை வீசுவதில்லை.
மரியாதையான ஜனங்கள், மாலை வாங்குகிறார்கள்.
பிளாஸ்டிக் சாமந்தி ஐம்பது வெள்ளி
துணி ரோஜா நூறு
ஜிகினா வைத்தது ஐந்நூறு. அது
தீபாவளி வாரத்தில்தான் ஆணியை விட்டு இறங்கும்.
கழுத்தில் விழுந்தது பாட்டு முடிந்ததும்
கவுண்டருக்குத் திரும்பிப் போய்
மறுபடி விலைக்குத் தொங்கும்,
நேற்றைய யோகிதாவின் வியர்வையோடு
இன்றைக்கு என்னுடையதும்.
மாதம் எண்ணாயிரம் வெள்ளிக்கு விழ வேண்டும்.
குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பு.

ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடி,
ஏழு பேருக்கு ஒரு குளியலறை.
ஜன்னலில் கடல் தெரியும் என்று சொன்னார்கள்.
தெரிகிறது. துணி காய்கிறது அதன் மேல்.

இருபத்திரண்டாம் நாள் ஈரப்படியில் வழுக்கி
கணுக்கால் கொழுக்கட்டையாகிவிட்டது.
தோல்நிறத் துணியால் இறுகக் கட்டி
அதன்மேல் கொலுசு.
யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

கடைசி மேசையில் ஒருவர்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம்.
எங்களுக்குள் அவர் பெயரே கிரேன்.
ஒரு ஸ்டவுட்டை மூன்று மணி நேரம் குடிப்பார்.
அன்றைக்குத் துணி ரோஜா வாங்கினார், எனக்கு.
வாங்கினவர் கேட்ட பாட்டுக்கு ஆட வேண்டும், அதுதான் முறை.
டீஜே சீட்டைப் பிரித்தான்.
ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படித்தான்.
"இந்தப் பாட்டுக்கு ரோஷினி உட்கார வேண்டும்."

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.
உட்கார்ந்தேன்.
பல்லவி வரை காலுக்குச் சொர்க்கம்.

அப்புறம்தான்.
ஆடும்போது என்னை யாரும் பார்ப்பதில்லை.
இடுப்பைப் பார்ப்பார்கள், அதை நான்
எங்கோ தள்ளி வைத்து ஆட்டிக்கொண்டிருப்பேன்,
மனசு மளிகைக் கணக்கு போடும்.
உட்கார்ந்ததும் எல்லோரும் முகத்துக்கு வந்துவிட்டார்கள்.
கையை எங்கே வைப்பது?
மடியில் வைத்தால் பெண் பார்க்க வந்த மாதிரி.
தொங்கவிட்டால் ஆஸ்பத்திரி வரிசை.
மார்போடு கட்டினால் லோகா முறைக்கிறார்.
முன்மேசைப் பெரியவர் குனிந்து
தட்டிலிருந்த கச்சானை எண்ணத் தொடங்கினார்.
ஒன்பது வருடத்தில் முதல்முறையாகத்
துப்பட்டா தேடியது கை.

இரண்டாம் சரணத்தில் எழுந்துவிட்டேன்.
வீங்கின காலோடு ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
விசில் பறந்தது, கச்சானும் பறந்தது.
கடைசி மேசைப் பக்கம் திரும்பவில்லை நான்.
திரும்பியிருந்தால் நன்றி சொல்ல வேண்டும்,
எனக்கோ அப்படியொரு கோபம்.

மறுநாள் லோகா விலைப்பட்டியலில்
ஒரு வரி சேர்த்திருந்தார்:
உட்காரும் மாலை, நூற்றைம்பது.
ஒருவரும் வாங்கவில்லை.
கிரேன் வந்தார், ஸ்டவுட்டை முடித்தார், போனார்.
எனக்கு மாலை போடவேயில்லை அதன்பிறகு.
கணக்கில் இருநூறு குறைந்தது, பிடித்துக்கொண்டார்கள்.

கிளம்பும் அன்று வேறொரு முத்திரைக்காரி,
பினாங்கில் என்ன பார்த்தீர்கள் என்றாள்.
கொடிமலை, என்றேன்.
குளிராக இருந்ததா?
நல்ல குளிர்.

ஜன்னலோர இருக்கை.
கீழே துறைமுகம் தெரிந்தது, கிரேன்கள்
ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம் போல,
எதில் அவரோ, இல்லை ஷிப்ட் முடிந்து தூங்குகிறாரோ.
பெல்ட்டை மாட்டச் சொன்னார்கள்.
நான்கு மணி நேரம் உட்கார வேண்டும்.
பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடும் வரை
இரண்டு கையையும்
தொடைக்கடியில் வைத்திருந்தேன்.